எக்ஸ்பி கணினியில் ஜேகே டிஃப்ராக்: எப்போது ஓட்டலாம், எப்போது தொடவே கூடாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினி, அதற்குள் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், அந்த டிஸ்க்கும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் (டிஃப்ராக் என்பது அதுதான்) ஜேகே டிஃப்ராக் என்ற இலவச மென்பொருளைத் தாராளமாக ஓட்டலாம். அந்தக் காலத்துக் கணினிக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. டிஸ்க்கின் நிலையைப் பார்க்காமல் ஓட்டுவதாக இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம். இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இந்தக் கடைசி வரிக்காகத்தான், ஏனென்றால் இங்கே கோலாலம்பூரில் பழைய கணினி மெதுவாகிவிட்டது என்று யார் சொன்னாலும் "டிஃப்ராக் போட்டுப் பாருங்க" என்று ஒருவர் உடனே சொல்லிவிடுகிறார், டிஸ்க் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. இன்னுமா அதை வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்படுபவர்கள் எங்கள் செந்தூல் பக்கத்துச் சின்ன அச்சகம் ஒன்றுக்குள் வந்து பார்க்கலாம். கல்யாண அழைப்பிதழ், காதுகுத்து, கருமக்கிரியை அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாமே அங்கே பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு அது, அதுவும் 2001-இல் வந்ததுதான். இன்று கணினிகளில் தமிழைக் காட்டும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட் அதற்குத் தெரியாது. நம் முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலோடு வந்த பழைய எழுத்துருக்களிலும், தமிழ்நாட்டிலிருந்து யாரோ சிடியில் கொண்டுவந்து கொடுத்த எழுத்துருக்களிலும் அடித்த கோப்புகள் ஆயிரக்கணக்கில் அந்த ஒரே 80 ஜிபி டிஸ்க்கில் கிடக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ குறிகள் வந்து நிற்கும். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து "போன வருஷ நோட்டீஸையே எடுத்து, தேதியையும் உபயக்காரங்க பேரையும் மட்டும் மாத்திக் குடுங்க" என்று கேட்கிறார்கள். அந்தப் போன வருஷ நோட்டீஸ் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் அதைத் தூக்கிப் போட முடியவில்லை, போடச் சொல்பவர்களுக்கு அந்த வேலை தெரியாது.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் அந்தக் கணினி நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் முன்பக்க விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், டிஸ்க்கின் கரகர சத்தம் மேசை வரைக்கும் கேட்கும். அச்சகக்காரர் அதை ஏற்கெனவே பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டியிருந்தார். அங்கே ஃபார்மட் பண்ண வேண்டும் என்று சொல்லி, அவர் மறுத்ததும் வேகம் கூட்டும் மென்பொருள் என்று ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது ஒவ்வொரு முறை கணினி திறக்கும்போதும் நூற்றுக்கணக்கில் பிழைகள் இருப்பதாகச் சிவப்பில் காட்டி, சரிசெய்யப் பணம் கட்டச் சொன்னது. ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, சுத்தம் செய்கிறோம் என்று வரும் இந்த வகை மென்பொருள் எதையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ரெஜிஸ்ட்ரியில் சில நூறு பழைய வரிகள் கிடப்பதால் ஒரு கணினி மெதுவாவதில்லை, தவறான வரியை அழித்துவிட்டால் மட்டும் பேஜ்மேக்கரே திறக்காமல் போகலாம். முதல் வேலையாக அதை எடுத்தேன்.

"தம்பி, எதை வேணும்னாலும் பண்ணு, ஃபார்மட் மட்டும் பண்ணிராதே" என்றார் அச்சகக்காரர்.

"இல்லண்ணே, ஒண்ணும் அழியாது. முதல்ல ஒரு காப்பி எடுத்துக்குவோம், அப்புறம்தான் மத்தது."

காப்பிக்கும் முன்னால் டிஸ்க்கின் உடம்பைப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற ஜப்பானிய மென்பொருளின் பழைய பதிப்புகள் எக்ஸ்பியில் நன்றாகவே ஓடுகின்றன. திறந்ததும் மேலே நீலத்தில் நல்லது என்றோ, மஞ்சளில் எச்சரிக்கை என்றோ ஒரு பெட்டி தெரியும். அந்த நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். கீழே இருக்கும் பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைத் தேடுங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னக் கட்டங்கள்), சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. மூன்றும் பூஜ்ஜியமாக இருந்தால் மேலே போகலாம். கவனிக்க வேண்டிய ஒன்று, கடைசி நெடுவரிசையில் வரும் எண்களை அது வழக்கமாகப் பதினாறடிமான முறையில்தான் காட்டும், அங்கே 10 என்று இருந்தால் அது பதினாறு. அமைப்புகளுக்குள் போய்ச் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

சி5 வரியில் பூஜ்ஜியம் தவிர வேறு எது இருந்தாலும் டிஃப்ராக் என்ற பேச்சே வேண்டாம். டிஃப்ராக் என்றால் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளை ஜிபி கணக்கில் படித்து, வேறு இடத்தில் எழுதி, மறுபடி படித்து மறுபடி எழுதுவது. சாகப்போகும் டிஸ்க்குக்கு அதைவிடக் கொடுமையான வேலை கிடையாது. டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஆர் என்ற குறியோடு ஓட்டுவதும் அப்படித்தான். அது முழு டிஸ்க்கையும் தடவிப் பார்க்கும், படிக்க முடியாத இடத்தை ஒதுக்கிவிட்டு மேலே போகும், ஒதுக்கிய இடத்தில் இருந்தது யாருடைய கல்யாணப் பத்திரிகை என்று அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ போன்ற ஒன்றால் செக்டர் செக்டராக இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பதுதான் சரியான வழி. மற்ற எல்லாம் நகலின் மேல்தான் செய்ய வேண்டும்.

செந்தூல் டிஸ்க்கில் மூன்றும் பூஜ்ஜியம். ஆனால் சி7 என்ற வரியில் ஒரு பெரிய எண் இருந்தது. அது டிஸ்க்கின் நோயைக் காட்டுவதில்லை, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் ரிப்பன் கேபிளில் தரவு சிதைவதைக் காட்டுகிறது. எக்ஸ்பியில் இதற்கு ஒரு பின்விளைவு உண்டு, பல பேருக்குத் தெரியாத விஷயம், நான் இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஐடிஇ டிஸ்க்கோடு, அதாவது இப்படி ரிப்பன் கேபிளில் மாட்டும் பழைய வகை டிஸ்க்கோடு, பேசும்போது இப்படிப்பட்ட பிழைகள் ஆறு சேர்ந்துவிட்டால், எக்ஸ்பி அந்தச் சேனலின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓ முறைக்குத் தள்ளிவிடும், தானாகத் திரும்ப ஏற்றாது. பிஐஓ முறையில் அதிகபட்சமே நொடிக்கு 16.7 எம்பி, அதிலும் ஒவ்வொரு பைட்டையும் பிராசசரே கைப்பட நகர்த்த வேண்டும், அதனால் மவுஸ்கூட விக்கி விக்கி நகரும். இந்த நிலையில் இருக்கும் கணினியில் எந்த டிஃப்ராக்கை எத்தனை முறை போட்டாலும் ஒரு பயனும் இல்லை.

பார்ப்பது சுலபம். டிவைஸ் மேனேஜருக்குள் ஐடிஇ கன்ட்ரோலர் என்ற தலைப்பைத் திறந்து, பிரைமரி சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனால் இப்போது எந்த முறையில் ஓடுகிறது என்று எழுதியிருக்கும். அங்கே அல்ட்ரா டிஎம்ஏ 5 (பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நகர்த்தும் வேகமான முறை) என்று இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ என்று இருந்தது. பெட்டியைத் திறந்தால் கேபிள் ஒரு மடிப்பில் முறுகி வெளுத்துப் போயிருந்தது. புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் தேடி 80 கம்பி உள்ள ஐடிஇ கேபிள் ஒன்றையும், ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டரையும் வாங்கினேன். 40 கம்பி கேபிள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதை மாட்டினால் மேல் வேகங்கள் கிடைக்காது, கம்பிகள் மெலிதாக நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேபிளை மாற்றி, அந்தச் சேனலை டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் பண்ணியதும் எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்கு ஏற்றிவிட்டது. பாதி நோய் அங்கேயே தீர்ந்தது. டிஃப்ராக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் இது கடைசி வரை கண்ணில் பட்டிருக்காது.

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். பேஜ்மேக்கரின் பிரிஃபரன்சஸில் சேமிக்கும் முறை என்று இரண்டு தேர்வுகள் உண்டு, வேகமாக அல்லது சிறியதாக. வேகமாக என்று வைத்திருந்தால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் மாற்றங்களைக் கோப்பின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு போகும். கோப்பு வீங்கிக்கொண்டே போகும், டிஸ்க்கில் பக்கத்து இடம் காலியாக இல்லாவிட்டால் வால் எங்கோ தள்ளிப் போய் விழும். பத்து வருடம் இப்படிச் சேமித்தால் ஒரு நோட்டீஸ் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதில் வியப்பில்லை. நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க்கில் தரவைப் படிக்கும் தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய், தட்டு சுற்றி வரக் காத்திருந்து, ஒரு துண்டைப் பிடிக்கச் சராசரியாக 13 மில்லிசெகண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 4 மில்லிசெகண்டுக்கு மேல் அரைச் சுற்றுக்காகக் காத்திருப்பது மட்டுமே. ஆயிரம் துண்டு என்றால் தலை அலைவதற்கே 13 நொடி. அதே 40 எம்பி கோப்பு ஒரே தொடராக இருந்தால் அந்தக் காலத்து டிஸ்க்கிலும் ஒரு நொடி அளவில் படித்து முடித்துவிடும். அந்தக் கரகர சத்தம் இதுதான்.

இங்கேதான் ஜேகே டிஃப்ராக். நெதர்லாந்துக்காரர் ஜெரோன் கெசல்ஸ் எழுதியது, மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்தார், விண்டோஸ் 2000-இலிருந்து விஸ்டா வரை ஓடும். இன்ஸ்டால் எதுவும் கிடையாது. வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோய் இரட்டைச் சொடுக்கு, அவ்வளவுதான். எக்ஸ்பியில் இருக்கும் பழைய பிரவுசரால் இன்றைய தளங்கள் பலவற்றைத் திறக்கவே முடியாது, அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்கவும் கூடாது, அதனால் பென் டிரைவ்தான் வழி. அதையும் நல்ல கணினியில் வைரஸ் சோதனை செய்துவிட்டு மாட்டுங்கள்.

எனக்கு இது பிடித்ததற்கு முதல் காரணம், டிஸ்க்கில் இது நேரடியாகக் கை வைப்பதில்லை. கோப்பை நகர்த்தும் வேலைக்கு விண்டோஸே வைத்திருக்கும் வழியைத்தான் கூப்பிடுகிறது, அந்த வழி விண்டோஸ் என்டி 4 காலத்திலிருந்தே இருக்கிறது. விண்டோஸ் முதலில் புதிய இடத்தில் எழுதி முடித்துவிட்டுத்தான் பழைய முகவரியை மாற்றும், அதனால் நடுவில் சன்னலை மூடினாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. டாஸ் காலத்துச் சாதனங்கள் அப்படி இல்லை. விண்டோஸ் 95 வந்த புதிதில் பழைய டாஸ் டிஸ்க் கருவிகளை ஓட்டியவர்களுக்கு நீளக் கோப்புப் பெயர்கள் எல்லாம் அழிந்து எட்டெழுத்துப் பெயர்களாகக் குறுகிப்போன கதை உண்டு, ஏனென்றால் அந்தக் கருவிகளுக்கு நீளப் பெயர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இதனால்தான் சொல்கிறேன், டிஸ்க்கைத் தொடும் பழைய மென்பொருள் எதுவானாலும் அது அந்த விண்டோஸுக்காக எழுதப்பட்டதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள். பழைய சிடி ஒன்று அலமாரியில் இருக்கிறது என்பது அதைப் போடுவதற்குக் காரணமாகாது.

இரண்டாவது காரணம் அதன் வேலை செய்யும் ஒழுங்கு. டிஸ்க்கை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்கிறது. முன்னால் ஃபோல்டர்களின் பட்டியல்கள், நடுவில் வழக்கமான கோப்புகள், கடைசியில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை. 50 எம்பிக்கு மேல் பெரியவை, 30 நாளுக்கு மேல் யாரும் தொடாதவை, ஜிப், ஐஎஸ்ஓ மாதிரியானவை எல்லாம் பின்னால் தள்ளப்படும். அச்சகத்துக்கு இது தைத்த சட்டை போலப் பொருந்தியது, இந்தப் பருவத்தில் ஓடும் நோட்டீஸ்கள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன, ஐந்து வருடத்துக்கு முந்தைய அழைப்பிதழ்கள் பின்னால் போயின. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதி தட்டின் வெளி விளிம்பில் இருப்பதால் அங்கே படிக்கும் வேகமும் அதிகம்.

திரை கறுப்பு. சின்னச் சின்னப் புள்ளிகளாக டிஸ்க் முழுவதும் விரியும். பச்சை சீரான கோப்புகள், மஞ்சள் துண்டுபட்டவை, சிவப்பு நகர்த்த முடியாதவை, நடுவில் வெள்ளையாக மினுக்கிக்கொண்டு ஓடுவது இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இடம். செந்தூல் கணினியில் முதலில் நடுப்பகுதி முழுக்க மஞ்சளாக இருந்தது. சில நேரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டதுபோல் இருக்கும், மேல் வரியில் பெரிய கோப்பின் பெயர் ஒன்று தெரியும், பொறுமையாக விட வேண்டும். முடிந்ததும் அதே ஃபோல்டரில் ஒரு லாக் கோப்பு இருக்கும், இன்னும் எந்தக் கோப்புகள் துண்டாக இருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கும்.

எக்ஸ்பியோடு வரும் டிஃப்ராக் போதாதா என்றால், பல பேருக்குப் போதும். டிஸ்க்கீப்பர் என்ற டிஃப்ராக் மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கிப் போட்ட சுருக்கப் பதிப்பு அது, நம்பகமானது. சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை என்று இரண்டு பட்டைகள் காட்டுமே, அதுதான். ஆனால் 15 சதவீதம் காலி இடம் கேட்கும், காலி இடங்களை ஒன்றாகச் சேர்க்காமல் ஓட்டை ஓட்டையாக விட்டுவிடும், அதனால் அடுத்து வீங்கும் கோப்பு மறுபடி அந்த ஓட்டைகளில்தான் போய்ச் சிதறும். ஜேகே டிஃப்ராக்குக்குப் பின் வந்த மைடிஃப்ராக்கும் அதே ஆள் எழுதியதுதான், ஆனால் மூல நிரல் திறந்தது இல்லை. 512 எம்பி ரேம் உள்ள கணினிக்குப் பழையதே எனக்குத் திருப்தி.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது கொஞ்சம் ஆபத்தானது. எதுவும் சொல்லாமல் இரட்டைச் சொடுக்கினால் அது சி டிரைவோடு நிற்காது, மாட்டியிருக்கும் எல்லா நிலையான டிஸ்க்குகளையும் எடுத்துக்கொள்ளும். காப்பி எடுத்த வெளி டிஸ்க் யூஎஸ்பியில் தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் கலைத்து அடுக்க ஆரம்பித்துவிடும். காப்பி முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி டிராயருக்குள் வைத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ்ஃபைலை, விண்டோஸ் ஓடும்போது இதனால் நகர்த்த முடியாது, அதற்கு சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவித் தொகுப்பின் பேஜ்டிஃப்ராக் உண்டு, அது கணினி திறக்கும்போதே தன் வேலையை முடித்துவிடும். ஆங்கிலம் மட்டும்தான், உதவி கேட்க ஆள் கிடையாது, அடிக்கடி தானாக ஓட வேண்டுமென்றால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அச்சகக் கணினிக்குத் திருவிழாப் பருவம் முடிந்தபின் ஒரு முறை என்றால் தாராளம்.

ஓட்டும் முன் செக்டிஸ்க்கை எஃப் குறியோடு ஒரு முறை ஓட்டிவிடுங்கள், கோப்பு அமைப்பில் பிழை இருக்கும்போது கோப்புகளை நகர்த்துவது நல்லதில்லை. சி டிரைவின் மேல்மட்டத்தில் ஃபவுண்ட் 000 என்று மறைந்த ஃபோல்டர் புதிதாக முளைத்திருந்தால், தொலைந்த துண்டுகள் அதற்குள் இருக்கும், பார்க்காமல் அழிக்காதீர்கள். டெம்ப் கோப்புகளைத் துடையுங்கள், ஆனால் பிரிஃபெட்ச் ஃபோல்டரை அழித்தால் வேகம் கூடும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். கணினி திறக்கும்போது எந்தக் கோப்பு எந்த வரிசையில் வேண்டும் என்ற பட்டியலை எக்ஸ்பி அங்கேதான் வைத்திருக்கிறது. அப்புறம் நம் ஊர் மழை. பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு இடி இறங்கினால் மின்சாரம் ஒரு கணம் கண்ணடிக்கும், யூபிஎஸ் இல்லாமல் அந்த நேரத்தில் இதை ஓட்டாதீர்கள், காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். விண்டோஸின் வழி பாதுகாப்பானதுதான், பழைய டிஸ்க்கின் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) எழுதாமல் நிற்கும் தரவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பலன் எப்படி என்றால், பேஜ்மேக்கர் கோப்பு திறக்கும்போது அந்தக் கரகர சத்தம் இல்லை, பெரிய நோட்டீஸ்கூட உட்கார்ந்து காத்திருக்காமல் வந்துவிடுகிறது. அச்சகக்காரர் "புதுசு மாதிரி இருக்கே" என்றார். கேபிளுக்கு எவ்வளவு பங்கு, டிஃப்ராக்குக்கு எவ்வளவு என்று கேட்டால், கேபிளுக்குத்தான் அதிகம் என்பேன். பேஜ்மேக்கரில் சேமிக்கும் முறையைச் சிறியதாக என்று மாற்றிவைத்ததும் ஒரு பங்கு, வீங்கிய கோப்புகளை ஒரு முறை வேறு பெயரில் சேமித்ததுமே பல கோப்புகள் நன்றாகச் சுருங்கிவிட்டன.

எழுத்துருக்களை மறக்க வேண்டாம். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாகவும், பேஜ்மேக்கர் சிடியை ஐஎஸ்ஓவாகவும் (முழுச் சிடியின் ஒரே கோப்பு நகலாகவும்), தமிழ் விசைப்பலகை மென்பொருளின் இன்ஸ்டாலரையும் சேர்த்தே காப்பி எடுங்கள், கோப்புகள் மட்டும் இருந்து எழுத்துரு இல்லை என்றால் அவை யாருக்கும் உதவாது.

அந்த டிஸ்க்குக்குப் பதில் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். அடாப்டர் வைத்துப் போடலாம், வேகமும் வரும். ஆனால் அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை எக்ஸ்பிக்குத் தெரியாது, அது விண்டோஸ் 7-இல்தான் வந்தது. எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டரில் தொடங்கும், அது எஸ்எஸ்டியின் உள் அமைப்போடு ஒத்துப்போகாது, அதனால் வேறு கணினியில் 2048-ஆவது செக்டரில் தொடங்கும்படி பார்ட்டிஷன் போட்டுவிட்டு அதன்மேல் நகலெடுங்கள். எஸ்எஸ்டி மாட்டிய நாளிலிருந்து ஜேகே டிஃப்ராக்கை அந்தக் கணினியில் ஓட்டவே கூடாது. அங்கே அலைவதற்குத் தலையே கிடையாது, வீணாக எழுதி எழுதி அதன் ஆயுளைத்தான் குறைப்பீர்கள்.